அரசுப் பணம் எந்த மைதானத்துக்கு?

கேள்வி இதுதான்: "விளையாட்டுக் கட்டமைப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் பொதுமக்கள் ஆடும் மைதானங்களுக்குப் போக வேண்டுமா, பதக்கம் வெல்லக்கூடிய வீரர்களுக்கான வசதிகளுக்குப் போக வேண்டுமா? இரண்டுக்கும் என்றால் எந்த விகிதத்தில்?"

விகிதத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குமுன் கேள்வியில் இருக்கும் பிரிவினையைத் திருத்தியாக வேண்டும். அரசின் பணம் போகும் இடங்கள் இரண்டல்ல, மூன்று. முதலாவது, பொதுமக்கள் ஆடும் இடம்: பள்ளி மைதானம், வட்டார நீச்சல் குளம், பூங்காவில் இருக்கும் கூடைப்பந்துத் தளம். இரண்டாவது, தேர்ந்த வீரர்கள் பயிற்சி பெறும் இடம்: ஓடுதளம், உடற்பயிற்சிக் கூடம், விடுதி, காயத்துக்குச் சிகிச்சை தரும் பிரிவு, அங்கே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள். மூன்றாவது, பார்வையாளர்கள் உட்காரும் இடம்: பல்லாயிரம் இருக்கைகள், மேற்கூரை, பிரமுகர்களுக்கான கண்ணாடி அறைகள், வாகன நிறுத்தம்.

இந்த மூன்றாவதைப் பழக்கத்தால் இரண்டாவதோடு சேர்த்தே பேசுகிறோம். அமைச்சர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு அது வசதி. நம் வீரர்களுக்காக என்று அறிவிக்கப்படும் ஸ்டேடியத்தின் மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால், பெருந்தொகை கூரைக்கும் இருக்கைக்கும்தான் போயிருக்கும். இருக்கைகள் கூடியதால் எந்த ஓட்டக்காரரின் நேரமும் குறைந்ததில்லை. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டுக்கும் இடையே பெரிய சண்டை எதுவும் இல்லை, பல நாடுகளில் அவை ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. இரண்டின் பங்கையும் விழுங்குவது மூன்றாவதுதான்.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கைவிட இதற்குத் தெளிவான சான்று கிடையாது. 1970இல் அந்த ஸ்டேடியத்துக்குப் போடப்பட்ட மதிப்பீடு சுமார் 13.4 கோடி கனடிய டாலர். ஒலிம்பிக்கில் பற்றாக்குறை வருவது ஓர் ஆண் கருவுற்றுக் குழந்தை பெறுவதைப் போல நடக்க முடியாத காரியம் என்று அன்றைய மேயர் ஜான் டிராப்போ சொன்னார். போட்டி தொடங்கியபோது கோபுரமும் கூரையும் முடிந்திருக்கவில்லை. அவை முடிய 1987 ஆயிற்று. கடனை அடைக்கப் புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். கடைசித் தவணை 2006இல்தான் தீர்ந்தது. வட்டியும் பழுதுபார்ப்பும் சேர்ந்து மொத்தச் செலவு சுமார் 160 கோடி டாலரைத் தொட்டிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, அங்கே நிரந்தரமாக ஆடிவந்த பேஸ்பால் அணி நகரத்தைவிட்டுப் போய்விட்டது. கதை அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. கிழிந்து கிழிந்து ஒட்டுப்போடப்பட்ட கூரையை மாற்ற 87 கோடி டாலர் செலவிடப்போவதாக கியூபெக் மாகாண அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இவ்வளவு செலவழித்த கனடா அந்த ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. கோடைக்கால ஒலிம்பிக்கை நடத்தித் தன் மண்ணிலேயே ஒரு தங்கமும் வெல்லாத முதல் நாடு அதுதான். ஸ்டேடியம் வேறு, வீரர்களை உருவாக்குவது வேறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மான்ட்ரியல் ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அளவில்தான் விதிவிலக்கு, போக்கில் அல்ல. 1960 முதல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளின் செலவை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், தரவு கிடைத்த ஒவ்வொன்றும் மதிப்பீட்டை மீறியிருப்பதையும், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் மீறல் சராசரியாக 172 சதவீதம் இருப்பதையும் 2020இல் வெளியிட்டார்கள். அணைகளும் சுரங்கப் பாதைகளும்கூட இந்த அளவுக்கு மதிப்பீட்டை மீறுவதில்லை. காரணம் புரியாததல்ல. திறப்பு நாளைத் தள்ளிவைக்க முடியாது. அது ஒப்பந்ததாரர்களுக்கும் தெரியும். நடத்தும் நகரம் பெரும்பாலும் அந்த வேலைக்குப் புதியது. முந்தைய நகரம் கற்ற பாடம் அதன் கோப்புகளோடு போய்விடுகிறது. இடையில் செலவு எகிறினால் பாதியில் நிறுத்தவும் வழி இல்லை.

ஏதென்ஸில் 2004க்குக் கட்டிய சாப்ட்பால் திடலும் படகு ஓட்டும் செயற்கை நீரோடையும் புதர் மண்டிப்போன படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரேசிலின் மனாஸ் நகரில், மேல்மட்ட லீக்கில் அப்போது ஒரு கால்பந்து அணிகூட இல்லாத அமேசான் பகுதியில், 2014 உலகக் கோப்பையின் நான்கே ஆட்டங்களுக்காக 40,000 பேர் உட்காரும் அரங்கம் எழுந்தது. பட்டியலை நீட்டிக்கொண்டு போகலாம். புதிதாகத் தெரியவருவது எதுவும் இருக்காது.

"ஸ்டேடியம் வந்தால் வட்டாரப் பொருளாதாரம் வளரும், ஹோட்டல் நிரம்பும், வேலை கிடைக்கும்" என்ற வாதம் தவறாமல் வரும். பொருளாதார அறிஞர்கள் பல விஷயங்களில் ஒத்துப்போகாதவர்கள். இதில் அபூர்வமாக ஒத்துப்போகிறார்கள். ஸ்டேடியத்துக்குக் கொடுக்கும் அரசு மானியம், வரி செலுத்துவோருக்குத் திரும்பி வருவதில்லை என்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட ஆய்வுகளின் பொது முடிவு. ஆட்டம் பார்க்கச் செலவழித்த குடும்பம் அதே மாதம் வேறு பொழுதுபோக்குக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நகரத்துக்குள் பணம் இடம் மாறுகிறதே தவிரப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. வெளியூர் ரசிகர்கள் கொண்டுவரும் பணம் உண்மையானதுதான். ஆண்டின் சில நாட்களுக்கு மட்டும்.

பெரிய அரங்கமே கட்டக் கூடாது என்பது என் வாதம் அல்ல. போட்டிக்குப் பிறகு அதை யார் பயன்படுத்துவார்கள் என்பதை அடித்தளம் தோண்டும் முன்பே எழுதி வைத்திருந்தால் தப்பிக்கலாம். மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் விளையாட்டுக்குக் கட்டிய அரங்கம் கால்பந்து அரங்கமாக மாறப்போகிறது என்பது முன்பே முடிவாகியிருந்தது. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள், தரையைத் தாழ்த்திக் கூடுதல் இருக்கைகள் போட்டார்கள், 2003இல் மான்செஸ்டர் சிட்டி அணி குடிபுகுந்தது. லண்டன் அதே பாடத்தை ஒரே வளாகத்தில் பாதி படித்து, பாதி மறந்தது. அதன் நீச்சல் அரங்கத்தில் 2012 ஒலிம்பிக்குக்காக 17,500 இருக்கைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கழற்றி எடுக்கும்படி அமைந்த தற்காலிக இருக்கைகள். இன்று அங்கே சுமார் 2,500 இருக்கைகள்தான். 2014 முதல் பொதுமக்கள் அங்கே நீந்துகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் நீச்சல் கற்கிறார்கள். அதன் அருகில் நிற்கும் பிரதான ஸ்டேடியத்தையும் 25,000 இருக்கைகளாகச் சுருக்குவதுதான் முதல் திட்டம். பிறகு மனம் மாறிக் கால்பந்துக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு மட்டும் 32.3 கோடி பவுண்டு ஆனது. தடகளத்துக்கும் கால்பந்துக்குமாக இருக்கைகளை நகர்த்த ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று போட்ட கணக்கு, ஒரு கட்டத்தில் 80 லட்சம் வரை போயிற்று. குடிவந்த கால்பந்து அணி தொடக்கத்தில் கொடுத்த ஆண்டு வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு. நட்டம் பொதுப் பணத்தில்.

சரி, மூன்றாவது வகையை இத்தோடு விடுவோம். இரண்டாவது வகையில், அதாவது தேர்ந்த வீரர்களின் பயிற்சியில், அரசுப் பணம் பலன் தருமா? தரும். அதற்கான சான்றும் மான்ட்ரியலில்தான் தொடங்குகிறது. அதே 1976இல் ஆஸ்திரேலியாவும் ஒரு தங்கம்கூட இல்லாமல் ஊர் திரும்பியது. ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம். விளையாட்டில் தங்களைப் பெரிதாக எண்ணியிருந்த மக்களுக்கு அது பேரவமானமாக இருந்தது. அதன் விளைவாகத்தான் 1981 ஜனவரியில் கான்பராவில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்துடன் 36ஆம் இடத்தில் இருந்த பிரிட்டன், லாட்டரிப் பணத்தைப் பயிற்சிக்குத் திருப்பிய பிறகு 2012இல் 29 தங்கம் வென்றது. அந்த 29ஐச் சொந்த மண்ணின் சலுகை என்று ஒதுக்க முடியாது. 2016இல் ரியோவிலும் 27 வந்தது. பணம் முக்கியமாகப் போனது முழுநேரப் பயிற்சியாளர்களுக்கும், வீரர்களின் வாழ்க்கைச் செலவுக்கும், மருத்துவ, அறிவியல் உதவிக்கும்.

ஆனால் பதக்கத்தை மட்டுமே அளவுகோலாக வைத்தால் பணம் ஒரு விசித்திரமான திசையில் ஓடும். பதக்க வாய்ப்பு உள்ள விளையாட்டுகளுக்கே முன்னுரிமை என்ற பிரிட்டனின் கொள்கையால், படகு வலித்தலும் சைக்கிளும் செழித்தன. நகரத்து இளைஞர்கள் பெருந்திரளாக ஆடும் கூடைப்பந்துக்கு உயர்நிலை நிதி 2014இல் நிறுத்தப்பட்டது. ரியோவில் வெண்கலம் வென்ற பாட்மின்டனுக்கும் அதற்குப் பின் கைவிரித்தார்கள். விலை உயர்ந்த கருவி தேவைப்படும், குறைவான நாடுகளே போட்டியிடும் விளையாட்டில் பதக்கம் மலிவாகக் கிடைக்கும். கோடிக்கணக்கானோர் ஆடும் விளையாட்டில் அது கடினம். ஆக, பதக்கப் பட்டியலில் ஏறுவதும் மக்களின் விளையாட்டை வளர்ப்பதும் சில இடங்களில் நேர் எதிராகவே நிற்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே மூச்சில் பேசும் கொள்கை அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

உயர்நிலைப் பயிற்சி என்றாலே பளபளக்கும் வளாகம் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். ஜமைக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் அதிவேக ஓட்டக்காரர்களில் பலர் அங்கே புல்தரை ஓடுதளத்தில் பயிற்சி பெற்றவர்கள். அந்த நாட்டில் 1910 முதல் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான தடகளப் போட்டி ஒரு தேசியத் திருவிழா. அதோடு, 1980இல் கியூபாவின் உதவியோடு திறக்கப்பட்ட ஜி.சி. பாஸ்டர் உடற்கல்விக் கல்லூரி ஆண்டுதோறும் பயிற்சியாளர்களை உருவாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஒரு நாடு விளையாட்டில் போட்ட மிகச் சிறந்த முதலீடுகளுள் அந்தக் கல்லூரியும் ஒன்று என்பேன். அது வெளியே அனுப்பும் ஒவ்வொருவரும் முப்பது ஆண்டுகள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயிற்சி தரப்போகிறவர்.

எதிர்மாறான கதை கென்யாவில். நெடுந்தூர ஓட்டத்தின் தலைநகர் என்று சொல்லத்தக்க இட்டென் ஊரில், காமாரினி என்ற மண் ஓடுதளம் இருந்தது. உலகச் சாம்பியன்கள் அந்தப் புழுதியில்தான் ஓடினார்கள். நவீன ஸ்டேடியம் ஆக்குகிறோம் என்று அரசு அதை மூடியது. வேலை பல ஆண்டுகள் முடியாமல் கிடந்தது. இருந்ததும் போயிற்று, புதியதும் வரவில்லை. ஏற்கெனவே நன்றாக இயங்கும் ஓர் எளிய இடத்தைத் தொடுவதற்குமுன் அதிகாரிகள் பலமுறை யோசிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன்.

தரையே தகுதியாக மாறிவிடும் விளையாட்டுகளும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டதும் மான்ட்ரியலில்தான். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய இந்திய அணி அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தோல்விக்குத் தரை மட்டுமே காரணம் அல்ல. ஆனாலும் மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கும் உலகத் தரத்துக்கும் இடையே அன்றிலிருந்து ஒரு விலை உயர்ந்த தரை வந்து நின்றுவிட்டது. இப்படிப்பட்ட விளையாட்டில் அரசு தளம் போட்டுக் கொடுக்காவிட்டால் ஏழைப் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒடிசா அரசு 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளுக்கு நிதி தருவதையும், பழங்காலந்தொட்டு ஹாக்கி வீரர்களைத் தந்துவரும் சுந்தர்கர் மாவட்டத்தில் செயற்கைத் தளங்களைப் பரவலாகப் போட முனைந்ததையும் நான் அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். உலகக் கோப்பைக்கு ரூர்கேலாவில் பெரிய ஸ்டேடியம் கட்டியது தலைப்புச் செய்தி ஆயிற்று. எதிர்கால அணிக்கு அந்தச் சிறு தளங்கள்தான் கூடுதலாகப் பயன்படும் என்பது என் கணிப்பு.

இப்போது முதல் வகை. இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இங்கேதான் குறைவாகப் பேசப்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்விளக்கு உள்ள ஒரு சாதாரணக் கால்பந்து மைதானம் வாரத்துக்கு 50 மணி நேரம் திறந்திருக்கிறது, எந்த நேரத்திலும் 24 பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 1,200 ஆட்ட மணிகள். ஒரு பெரிய ஸ்டேடியத்தில் ஆண்டுக்கு 25 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 22 பேர், இரண்டு மணி நேரம்: 1,100 ஆட்ட மணிகள். ஸ்டேடியத்தின் ஓர் ஆண்டு, மைதானத்தின் ஒரு வாரத்துக்கு ஈடாகவில்லை. பார்வையாளரின் மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறது, ஒளிபரப்பு உரிமை வாங்க நிறுவனம் இருக்கிறது. மாலையில் பந்து உதைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பணம் கொடுக்க அரசைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

கட்டுவது எளிது, நடத்துவதுதான் கடினம். மேற்கு ஜெர்மனி 1960இல் 'தங்கத் திட்டம்' என்ற பெயரில் நாடெங்கும் விளையாட்டுத் திடல், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் கட்டும் 15 ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. உலகில் பொது விளையாட்டு வசதிக்காகச் செய்யப்பட்ட மிகப் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. பல தலைமுறைப் பிள்ளைகள் அதனால் நீந்தக் கற்றார்கள். ஒரே காலத்தில் கட்டியவை ஒரே காலத்தில் மூப்படைந்தன. குழாய், கூரை, வெப்பமூட்டும் அமைப்பு எல்லாம் சேர்ந்து பழுதானபோது நகராட்சிகளிடம் பணம் இல்லை, குளங்கள் மூடப்பட்டன. பிரிட்டனில் 2022இல் மின்சார, எரிவாயு விலை ஏறியபோது பொது நீச்சல் குளங்கள் தள்ளாடின. அவற்றைக் காப்பாற்ற அடுத்த ஆண்டு அரசு 6.3 கோடி பவுண்டு ஒதுக்க நேர்ந்தது. நீச்சல் குளம் என்பது நாள்தோறும் செலவு கேட்கும் வசதி: வெப்பம், குளோரின், வடிகட்டி, உயிர்காப்பாளர் சம்பளம். செயற்கைப் புல்தரையும் சுமார் பத்தாண்டில் தேய்ந்துவிடும். செயற்கை ஓடுதளத்துக்கும் அவ்வப்போது மேற்பூச்சு வேண்டும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுபோல, கட்டுமானத்துக்கு அள்ளிக்கொடுத்துவிட்டுப் பராமரிப்புக்குக் கை இறுக்கும் அரசுகளே அதிகம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. கழிப்பறைக் குழாயை மாற்றியதற்குக் கல்வெட்டு வைப்பதில்லை.

இதற்கு நார்வே கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும். அரசு சூதாட்ட நிறுவனத்தின் உபரியில் 64 சதவீதம் விளையாட்டுக்குப் போகிறது. அதில் பெரும்பங்கு வசதிகளைக் கட்டவும் புதுப்பிக்கவும். பணம் வாங்கும் இடம் 30 ஆண்டுகள் பொது விளையாட்டுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே 13 வயதுக்குமுன் தேசியச் சாம்பியன் போட்டியே கிடையாது. ஆடுவது மகிழ்ச்சிக்காக என்ற கொள்கை எழுத்திலேயே இருக்கிறது. பதக்கத்தைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ளாத, சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும் 2022இல் 16 தங்கமும் வென்றது. பனியும் செல்வமும் அவர்களுக்குத் துணை என்பது உண்மைதான். பனியும் செல்வமும் உள்ள வேறு நாடுகளும் இருக்கின்றன.

ஐஸ்லாந்தின் கதை இன்னும் நெருக்கமானது. நீண்ட குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத நாடு. 2000 முதல் அங்குள்ள நகராட்சிகள் முழு அளவு உள்ளரங்கக் கால்பந்துக் கூடங்களைக் கட்டின. பள்ளிகளுக்கு அருகில் சிறு செயற்கைத் தளங்களும் போட்டன. தேசிய அணிக்கென்று ஒதுக்கிப் பூட்டிவைக்காமல், வட்டாரக் கிளப் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள். 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என வென்று காலிறுதிக்குப் போனது அந்தத் தலைமுறை. 2018 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றபோது, அதுவரை அங்கே ஆடிய நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான். மூன்றரை லட்சம் பேர். சமூக வசதியா, உயர்நிலை வசதியா என்று அந்தக் கூடங்களைப் பிரிக்க முயன்று பாருங்கள், முடியாது.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்று உண்டு: மேலே வெற்றி வந்தால் அதைப் பார்த்துக் கீழே எல்லோரும் ஆடத் தொடங்குவார்கள் என்பது. லண்டன் ஒலிம்பிக்கை வாங்கியபோது இதையே வாக்குறுதியாகக் கொடுத்தார்கள். பத்து லட்சம் பேரைக் கூடுதலாக விளையாட்டுக்குள் கொண்டுவருவோம் என்ற இலக்கு, போட்டிக்கு முந்தைய ஆண்டே கைவிடப்பட்டது. தொலைக்காட்சியில் ஓட்டத்தைப் பார்த்து உற்சாகம் பெறுபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஆடாதவருக்குத் தடையாக இருப்பது உற்சாகக் குறைவு அல்ல. பக்கத்தில் இடம் இல்லை, இருந்தால் விளக்கு இல்லை, விளக்கு இருந்தால் கதவு பூட்டியிருக்கிறது, திறந்திருந்தாலும் உடை மாற்ற அறை இல்லை.

பூட்டிய கதவு என்றதும் பள்ளி மைதானங்கள் நினைவுக்கு வருகின்றன. ஏற்கெனவே அரசு கையில் இருக்கும் நிலம், சுற்றுச்சுவர், தண்ணீர்க் குழாய். மாலையிலும் விடுமுறையிலும் பூட்டு. ஒரு காவலர், ஒரு விளக்குக் கம்பம், வெளியிலிருந்து தனிப்பாதை, காயம் பட்டால் யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதிய ஓர் ஒப்பந்தம். இவ்வளவு போதும், புதிய மைதானம் கட்டாமலே புதிய மைதானம் கிடைத்துவிடும். சிங்கப்பூர் தன் பள்ளித் திடல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தை நெடுங்காலமாக நடத்துகிறது. தலைமை ஆசிரியர்கள் தயங்குவது சோம்பலால் அல்ல. உடைந்த சன்னலுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஓர் அலுவலகம் முன்வராதவரை சுற்றறிக்கை அனுப்பிப் பயன் இல்லை.

திறந்திருந்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுவார்களா? வியன்னாவில் 1990களில் கவனித்தார்கள்: ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து காணாமல் போனார்கள், ஆண்பிள்ளைகள் அப்படி மறையவில்லை. கம்பிவேலி போட்ட பந்துத் திடல்களுக்கு ஒரே ஒரு குறுகிய வாயில். வாயிலில் பையன்கள் கூடி நின்றால் உள்ளே போகப் பெண்பிள்ளைகள் தயங்கினார்கள். நகர நிர்வாகம் இரண்டு பூங்காக்களில் வாயில்களை அகலப்படுத்தியது, பாதைகளுக்கு வெளிச்சம் கொடுத்தது, பெரிய திடலைப் பகுதிகளாகப் பிரித்து வாலிபால், பாட்மின்டனுக்கும் இடம் செய்தது. பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். செலவு அற்பம். வரைபடம் போடும்போது யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

கட்டடமே இல்லாத முதலீடும் உண்டு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். 1970களில் தொடங்கியது, இன்று லட்சக்கணக்கானோர் சைக்கிளிலும் காலிலும் வெளியே வருகிறார்கள். தடுப்புக் கட்டைகளும் சாலையில் நிற்கும் ஆட்களும்தான் செலவு.

சமூக மைதானம் என்றால் எல்லாம் தூய்மை என்று எண்ணிவிடவும் கூடாது. சிறு தொகைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பணம்தான் தேர்தலுக்கு மிக வசதியானது. ஆஸ்திரேலியாவில் 2018-19இல் சமூக விளையாட்டு வசதிக்கென 10 கோடி டாலர் மானியமாகக் கொடுத்தார்கள். தகுதியை மதிப்பிட விளையாட்டு ஆணையம் ஒன்று மதிப்பெண் போட்டது. அமைச்சரின் அலுவலகம் தனியாக வேறொரு கணக்கை ஓட்டியது. வெற்றி தோல்வி நூலிழையில் தொங்கும் தொகுதிகளுக்கும் கைப்பற்ற நினைத்த தொகுதிகளுக்கும் பணம் சாய்ந்திருப்பதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் வெளிப்படுத்தியது. பிப்ரவரியில் அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி பதவி விலகினார். மதிப்பெண் பட்டியலை முடிவுக்கு முன்பே பொதுவில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. மாபெரும் அரங்கத்தில் பணம் வீணானால் எல்லோர் கண்ணிலும் படும்; நூற்றுக்கணக்கான சிறு மானியங்களில் சாய்வு இருந்தால் தணிக்கையாளர் ஒருவர் உட்கார்ந்து எண்ணினால்தான் தெரியும்.

கேட்ட விகிதத்துக்கு வருகிறேன். எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரு சதவீதம் கிடையாது. சொல்பவர்களிடம் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். வரிசை ஒன்று சொல்ல முடியும். இருக்கும் மைதானங்களின், குளங்களின் பழுதுபார்ப்புக்கு முதல் ஒதுக்கீடு. அது நிறைவடையாமல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. அடுத்து, பள்ளித் திடல்களைத் திறப்பது, விளக்கு, கழிப்பறை, உடை மாற்றும் அறை. அடுத்து பயிற்சியாளர்கள், இவர்களுக்கான சம்பளத்தை நான் கட்டமைப்புச் செலவாகவே எழுதுவேன், நிதித் துறை ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்தும். அதன் பின் உயர்நிலைப் பயிற்சி மையங்கள், ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் ஆடும் விளையாட்டுகளுக்கு, அவர்கள் வசிக்கும் பகுதிகளிலேயே, காலையில் தேசிய அணியும் மாலையில் வட்டாரப் பிள்ளைகளும் பயன்படுத்தும்படி. பார்வையாளர் அரங்கத்துக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம். அதுவும் நீண்டகால வாடகை ஒப்பந்தத்தில் ஓர் அணி முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தால், அல்லது கழற்றக்கூடிய இருக்கைகளாக இருந்தால்.

உங்கள் அரசு அடுத்து ஒரு விளையாட்டு வளாகத்தை அறிவிக்கும்போது மதிப்பீட்டு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டுமானத் தொகைக்குக் கீழே, பதினோராம் ஆண்டின் பராமரிப்புக்கு எவ்வளவு, எந்தத் துறையின் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லாவிட்டால், அது எந்த வகை வசதியாக இருந்தாலும், கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.